நீர் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பல வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. போன வருடம் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 2.1. இப்போது காலில் வீக்கம், ராத்திரி மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம் என்று வந்ததால், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை கொடுத்தார்கள். அதன்பிறகு கிரியேட்டினின் 2.4. 'மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும், நிறுத்திவிட்டு நிறையத் தண்ணி குடிங்க அண்ணே' என்கிறார் சித்தப்பா. கிட்னிக்கும் இதயத்துக்கும் அப்படி என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகி, குளச்சல்

பதில்: நிறுத்தாதீர்கள். சித்தப்பா அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அதைக் கேட்டால் நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரும்.

சம்பந்தம் நிறைய. கிட்னி தளர்ந்தால் உப்பும் நீரும் வெளியே போகாமல் ரத்தத்திலேயே தங்கும், பிரஷர் ஏறும், அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவர் தடித்து ஒரு கட்டத்தில் சோர்ந்துபோகும். ரத்தம் ஊறுவதற்கான ஹார்மோனும் கிட்னியிலிருந்துதான் வருகிறது, அது குறைந்தால் ரத்தசோகை, இதயத்துக்கு இன்னும் வேலை. கிட்னி நோயாளிகளில் பலரை டயாலிசிஸ் வரை போகும் முன்பே இதயநோய் கொண்டுபோய்விடுவது இதனால்தான். மறுபக்கமும் உண்டு. பம்பிங் குறைந்தால் கிட்னிக்கு ரத்தம் சரியாகப் போகாது, அது உடம்பில் தண்ணீரே இல்லை என்று ஏமாந்து இன்னும் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாததற்கு, திரும்பிப் போக வேண்டிய ரத்தம் தேங்கி கிட்னியே வீங்கி நிற்கும். சிலருக்கு நீர் இறங்கிய பிறகு கிரியேட்டினின் குறைவதும் உண்டு.

ஆக 2.1 என்பது 2.4 ஆனதற்காக மட்டும் பதற வேண்டாம். வீக்கமும் மூச்சிரைப்பும் குறைகிறதா என்பதையும் சேர்த்துத்தான் டாக்டர் பார்ப்பார். மேலே மேலே ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி பேதி வந்தாலோ அன்றே அவரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார். மூச்சு முட்டல் அதிகமானால் விடியட்டும் என்று இருக்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போய்விடுங்கள்.

வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்குங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் ஏறி நின்று காலண்டரிலேயே எழுதட்டும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, தண்ணீர். எவ்வளவு குடிக்கலாம் என்ற அளவை டாக்டரிடமே கேளுங்கள்.

அப்புறம் உப்பு. நாள் முழுவதற்கும் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அதில் எல்லாமே அடக்கம். கஞ்சிக்கு ஒரு துண்டு நெத்திலிக் கருவாடுதானே என்பார், விடாதீர்கள். நல்ல மீனே கிடைக்கிற ஊரில் கருவாடு எதற்கு? சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது, தளர்ந்த கிட்னியால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது, அதுவும் வேண்டாம். இளநீர், செவ்வாழையிலும் பொட்டாசியம் உண்டு, அவற்றை ரத்தத்தில் பொட்டாசியம் டெஸ்ட் பார்த்துவிட்டு டாக்டர் சொல்கிறபடி.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் கிட்னி, இதயம் இரண்டுக்குமே எதிரி. டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை சர்க்கரைக்கு வந்தது, இப்போது இந்த இரண்டு நோய்க்குமே கொடுக்கிறார்கள். அப்பாவுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். கிட்னி டாக்டரிடம் எக்கோ ரிப்போர்ட்டையும் இதய டாக்டரிடம் கிட்னி ஃபைலையும் காட்டுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

கேள்வி: கொலஸ்ட்ரால் குறைய, பிலிம்பிக்காய் என்ற புளிப்புக் காயின் சாறு குடிக்கலாமா? வீட்டு மரத்தில் காய்த்துத் தள்ளுகிறது.
- ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: மீன் குழம்பில் புளிக்குப் பதிலாக நாலைந்து போடுங்கள், சரி. சாறாகப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடிக்காதீர்கள். அதில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம், அது கிட்னியில் போய்ப் படியும். நல்ல கிட்னியோடு இருந்தவர்களே இதைக் குடித்து டயாலிசிஸ் வரை போனது பக்கத்தில் கேரளத்திலேயே பதிவாகியிருக்கிறது. ஏற்கெனவே கிட்னி நோய் இருந்தால் குழம்பிலும் வேண்டாம்.