வாசகர் கேள்வி – பதில்: பாடசாலைக்குள் ஒரு பாட்டுக் கதை

இம்முறை வந்த கடிதங்களுள் ஐந்து ஒரே தொலைக்காட்சித் தொடரைப் பற்றியவை. விடுமுறைக்கு ஊர் வந்த உறவினர்களின் மடிக்கணினிகளில் அது வன்னிக்குள் நுழைந்திருக்கிறது போலும். ஆதலால் ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இப்பக்கத்தை இந்த ஐந்துக்குமே ஒதுக்குகிறோம்.

கேள்வி: கனடாவிலிருந்து வந்த சித்தியின் மகள் "கிறீஸ்: றைஸ் ஒஃப் த பிங்க் லேடீஸ்" என்ற தொடரைக் காட்டினார். அது பழைய படமொன்றின் "பிறீக்குவெல்" என்கிறார். அந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்கு இது விளங்குமா? "பிறீக்குவெல்" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?
— உயர்தர மாணவி, பரந்தன்

பதில்: "முன்கதை" என்று சொல்லலாம், பிள்ளை. ஏற்கெனவே சொல்லி முடிந்த ஒரு கதைக்கு முந்திய காலத்தில் என்ன நடந்தது என்பதைப் பின்னர் வந்து சொல்வதே முன்கதை. தலைப்பிலுள்ள "கிறீஸ்" என்ற சொல்லைக் கண்டு, 2011இல், உடலெங்கும் கிறீஸ் பூசி இரவில் வருவதாகப் பேசப்பட்டு எங்கள் ஊர்களை உறங்கவிடாது வைத்திருந்த கிறீஸ் பூதத்தை எவரும் நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து அமெரிக்க இளைஞர்கள் தலைமயிரைப் படிய வாருவதற்குப் பூசிய களிம்பையே அது குறிக்கிறது.

ஜிம் ஜேக்கப்ஸ், வொறன் கேசி ஆகிய இருவர் எழுதிய "கிறீஸ்" என்ற இசை நாடகம் 1971இல் சிக்காகோவில் மேடையேறியது. 1978இல், ஜோன் ட்ரவோல்ரா, ஒலிவியா நியூட்டன்-ஜோன் ஆகியோர் நடிக்கத் திரைப்படமாகி உலகெங்கும் ஓடியது. ரைடல் என்ற கற்பனை உயர்நிலைப் பள்ளியில் 1958ஆம் ஆண்டளவில் நடக்கும் அந்தக் கதையில் "பிங்க் லேடீஸ்" என்ற பெயரில், இளஞ்சிவப்பு மேற்சட்டை அணிந்த மாணவிகள் குழுவொன்று வரும். அன்னபெல் ஓக்ஸ் உருவாக்கிய இந்தத் தொடர், 1954இல் அந்தக் குழு எப்படித் தோன்றியது என்பதைப் பத்துப் பகுதிகளில் சொல்கிறது.

இடையிலுள்ள நான்கு ஆண்டுகளைக் கவனித்தீர்களா? 1954இல் மேல்வகுப்பில் இருந்தவர்கள் 1958இல் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். அதனால் ஜேன், ஒலிவியா, சிந்தியா, நான்சி என்ற நான்கு முதன்மைப் பாத்திரங்களுக்கும் பழைய படம் எந்த முடிவையும் எழுதிவைக்கவில்லை. அவர்கள் என்ன ஆவார்கள் என்று நாம் உண்மையாகவே காத்திருக்க முடிகிறது. படத்தை அறிந்தவர்களுக்காகச் சில தொடர்பு இழைகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்: ஜேனின் தங்கை பிரான்தான் பின்னாளில் படத்தில் வரும் பிரெஞ்சி, படத்தின் அதிபர் மக்கீ இங்கே துணை அதிபர். படம் பார்க்காமலே தொடரைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், தொடரை முதலில் பார்ப்பவருக்கு ஒப்பிட்டுக் குறைகாணும் வேலை மிச்சம்.

கேள்வி: பேசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று எழுந்து பாடி ஆடுகிறார்கள், பின்னர் ஒன்றும் நடவாதது போல வகுப்புக்குப் போகிறார்கள். இசை கற்பிக்கும் எனக்கே இது செயற்கையாகத் தெரிகிறது. எங்கள் திரைப்படப் பாடலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?
— இசை ஆசிரியை, முள்ளியவளை

பதில்: கூத்து விளைந்த மண்ணிலிருந்து இந்தக் கேள்வி வருவதுதான் எனக்கு வியப்பு, ரீச்சர். கோவலன் கூத்தில் கண்ணகி பாட்டாலே வழக்குரைக்கும்போது "பாண்டியன் சபையில் யாராவது பாடுவார்களா?" என்று உங்கள் ஊரில் ஒருவரும் எழுந்து கேட்டதில்லை. இசை நாடக நடிகர் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாகச் சுடலையில் நின்று பாடிய காலத்தில், கதையின் முடிவைச் சிறுபிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். ஆயினும் விடியும்வரை சனம் பாயை விட்டு எழவில்லை. ஏனெனில் அவர்கள் கேட்க வந்தது முடிவையல்ல, அந்த முடிவை நோக்கி ஒரு மனிதன் எப்படிப் பாடிக்கொண்டு போகிறான் என்பதை.

வேறுபாடு இதுதான். எங்கள் திரைப்படங்களில் பெரும்பாலான பாடல்கள் கதை நின்று மூச்சு வாங்கும் இடத்தில் வருகின்றன. மின்சாரமில்லாத காலத்தில் ஜெனரேற்றர் வைத்துப் படம் ஓட்டியபோது, எண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காகப் பாட்டுகளை வேகமாக ஓடவிட்டுக் கடந்தோம். கதையில் எதையும் இழந்ததாக நினைவில்லை. இசை நாடகத்தில் அப்படிக் கடந்தால், பாட்டின் தொடக்கத்தில் ஒரு முடிவோடு இருந்தவள் பாட்டு முடியும்போது வேறொரு முடிவோடு நிற்பாள், நமக்குக் காரணம் தெரியாது. பேச்சால் தாங்க முடியாத அளவுக்கு மனம் நிறையும்போது பாத்திரம் பாடுகிறது. பாட்டாலும் தாங்க முடியாதபோது ஆடுகிறது. அந்த நிறைவு வராமலே பாடவைத்தால்தான் நீங்கள் சொல்லும் செயற்கை தோன்றும். இந்தத் தொடரிலும் அப்படிச் சில இடங்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பகுதிக்குள் பல பாட்டுகளை அடைக்க வேண்டியிருக்கும்போது எல்லாவற்றுக்கும் மனம் நிறையக் காத்திருக்க நேரமிருப்பதில்லை.

பாடல்களை ஆக்குவதற்குத் தலைமை தாங்கியவர் ஜஸ்ரின் ட்ரான்ரர். நடனங்களை அமைத்தவர் ஜமால் சிம்ஸ். நடிப்பவர்களே தம் குரலில் பாடியிருக்கிறார்கள் என்பது பின்னணிக் குரலுக்குப் பழகிய எங்கள் காதுக்கு முக்கியமான செய்தி. ஓரிடத்தில் குரல் சற்று நடுங்கினால் அது பாத்திரத்தின் நடுக்கமாகவே வந்து சேர்கிறது. இசையாசிரியையான உங்களுக்கு இன்னொன்றும் சுவைக்கும். 1954 என்பது ரொக் அண்ட் ரோல் இசை பிறந்துகொண்டிருந்த ஆண்டு. எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு அந்த ஆண்டு ஜூலையில்தான் வெளிவந்தது. ஆனால் தொடரின் பாடல்கள் அந்தக் காலத்து ஒலியோடு மட்டும் நின்றுவிடாமல் இன்றைய பொப் இசையையும் தாராளமாகக் கலந்துகொள்கின்றன. காலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்போர் இதில் முகம் சுளிக்கலாம். ஆர்மோனியம் இந்த நாட்டின் வாத்தியமல்ல. அது எங்கள் இசை நாடகத்துள் வந்து உட்கார்ந்தபோது எவரும் அதை எழுப்பி அனுப்பவில்லை என்பதால், நான் சுளிக்கவில்லை.

கேள்வி: தரம் 9இல் படிக்கும் மகள் இதைப் பார்க்கக் கேட்கிறாள். விடலாமா?
— ஒரு தந்தை, அக்கராயன்

பதில்: தனியே விடாமல் கூடவிருந்து பாருங்கள், ஐயா. வன்முறை பெரிதாக இல்லை. ஆனால் காதல், முத்தம், சிகரெட் எல்லாம் உண்டு. ஆசிரியர் ஒருவரோடு இணைத்துப் பேசப்பட்டதால் பெயர் கெட்ட மாணவி ஒருத்தியும், இன்னொரு பெண்மீது நேசம் கொள்ளும் மாணவி ஒருத்தியும் வருகிறார்கள். கதையே ஒரு வதந்தியில்தான் தொடங்குகிறது: காதலனோடு காரிலிருந்து படம் பார்க்கப் போன ஜேனைப் பற்றிப் பள்ளி முழுதும் கதை பரவுகிறது, பையனுக்கு அதனால் ஒரு குறையுமில்லை, பழி முழுவதும் அவள் தலையில் விழுகிறது. அவள் அழுதுகொண்டு வீட்டிலிருக்காமல் மாணவர் மன்றத் தலைவர் தேர்தலில் அவனையே எதிர்த்து நிற்கிறாள். ஊர்வாய் ஒரு பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடக்கூடியது என்பதை நீங்களும் நானும் கண்டிருக்கிறோம். பதினான்கு வயதுப் பிள்ளையோடு அதைப் பேசத் தொடங்குவதற்கு இது வசதியான சாட்டு.

கேள்வி: நான்சி என்ற ஜப்பானிய வம்சாவளிப் பெண்ணும், மெக்சிக்க வம்சாவளிப் பெண்ணான ஒலிவியாவும் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். 1954இல் அது நடக்கக்கூடியதா? அல்லது இன்றைய நாகரிகத்துக்காகச் சேர்த்ததா?
— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், வவுனியா

பதில்: இரண்டும் சேர்ந்தது என்பேன். பாடசாலைகளில் பிள்ளைகளை நிறத்தால் பிரித்துவைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 மே 17ஆம் திகதி. அதாவது, கதை நடக்கும் அதே ஆண்டில். தீர்ப்பு வந்ததும் பள்ளிகள் மாறிவிடவில்லை. தென் மாநிலங்களில் பல ஆண்டுகள் இழுபறிப்பட்டது. ஆனால் பல இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்த பள்ளிகள் வேறிடங்களில் அதற்கு முன்னரும் இருந்தன. ஆகவே சேர்ந்து படித்தது பொய்யன்று. சேர்ந்து படித்தபோது எழுந்த உரசலை ஒரு பாட்டுக்குள் தீர்த்துவிடும் வேகத்தில்தான் கற்பனை இருக்கிறது.

நான்சியைப் பற்றி நினைக்கும்போது எனக்கு வேறொரு கணக்கு ஓடியது. 1954இல் பதினாறு, பதினேழு வயதென்றால் 1942இல் அவளுக்கு நான்கைந்து வயது. அந்த ஆண்டுதான் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை, அவர்களுட் பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்களாக இருந்தும், வீடுவாசலை விட்டு எழுப்பி முகாம்களில் அடைக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 1,20,000 பேர். ஆடை வடிவமைப்பாளராக வேண்டும் என்ற கனவோடு தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது, அவள் வயதையொத்த உண்மையான பிள்ளைகள் முள்வேலிக்குள் எழுதப் படித்தார்கள் என்ற நினைவு வருகிறது. செட்டிகுளத்து அகதி முகாம் கூடாரத்தில் பாடம் கேட்ட பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாக இருக்கும் வவுனியாவுக்கு, இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

கேள்வி: இரண்டாம் பருவம் எப்போது வரும்? இந்தத் தொடரைப் போல எங்கள் பாடசாலை விழாவுக்கு ஒரு முன்கதை நாடகம் போட மாணவர்கள் கேட்கிறார்கள். வழி சொல்லுங்கள்.
— நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: முதற் கேள்விக்கு விடை கசப்பானது: வராது. 2023 ஏப்ரல் 6ஆம் திகதி பரமவுண்ட் பிளஸ் தளத்தில் தொடங்கிய தொடர் ஜூன் 1ஆம் திகதி முடிந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அதை நிறுத்துவதாக அறிவித்ததோடு, வந்த பத்துப் பகுதிகளையும் தளத்திலிருந்தே அகற்றினார்கள். சந்தாவில் ஓடும் தளத்துக்கு, புதிய சந்தாதாரரைக் கொண்டுவராத தொடர் சும்மா கிடந்தாலும் செலவு. நடித்தவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் கொடுப்பனவு தொடரும், அகற்றினால் அதன் பெறுமதியைக் கணக்கில் நட்டமாகக் கழிக்கலாம். பிறகு அது விலைக்கு வாங்கிப் பார்க்கும் முறையில் கிடைத்தது. இடம்பெயர்வில் ஒலிநாடாப் பெட்டியைக் கிணற்றடியில் புதைத்துவிட்டு வந்த எங்களுக்கு, கையில் ஒரு படி இல்லாத கலை எத்தனை நாளைக்கு என்பது தெரிந்த கணக்குத்தான். நீங்கள் போடும் நாடகத்தை முழுமையாகப் பதிவுசெய்து இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.

இனி நாடகம். முன்கதை எங்களுக்கு இறக்குமதிச் சரக்கல்ல. சிலப்பதிகாரத்தில், மதுரை எரிந்த பின்னரே அந்நகரின் காவல் தெய்வம் மதுராபதி தோன்றி, முற்பிறப்பில் பரதனாக இருந்த கோவலன் சங்கமன் என்னும் வணிகனைக் கொலைக்களப்படுத்தியதையும், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் சொல்கிறாள். முடிவைக் கண்டபின் முன்கதையைக் கேட்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் கனக்கும் என்பதை அறிந்தே இளங்கோ அதை அங்கே வைத்திருக்க வேண்டும். கண்ணகி கதையை ஈழத்தில் பாடும் காவியமான கண்ணகி வழக்குரை இன்னும் பின்னுக்குப் போகிறது. கண்ணகியின் சிலம்புக்குள் வைத்த மணி எங்கிருந்து வந்தது என்று யாரோ ஒரு பாட்டியோ பேரனோ கேட்டிருப்பார்கள் போலும். அதற்கு விடையாக மீகாமன் என்ற கப்பல் தலைவன் நாகமணி தேடி எங்கள் கடலுக்கு வருவதும், வெடியரசன் என்ற மன்னனோடு பொருதுவதும் கதையாக வளர்ந்தன.

உங்கள் மாணவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் கண்ணகியையும் கோவலனையும் மேடைக்கு அழைக்காதீர்கள். அவர்கள் முடிவு எழுதப்பட்டுவிட்டது, பிள்ளைகள் பழைய பாட்டையே திரும்பப் பாடுவார்கள். அந்தக் கப்பலைக் கட்டிய தச்சனின் மகள், பாய் தைத்தவள், கப்பலில் ஏற ஆசைப்பட்டுக் கரையில் நிறுத்தப்பட்ட பையன் என்று காவியம் பெயர் சொல்லாத நான்கைந்து பேரை அவர்களே உருவாக்கட்டும். கடைசிக் காட்சியில் மட்டும் மணி ஒன்று கைமாறட்டும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய்வந்த சனத்துக்கு மீதி தெரியும்.

நாற்பது நிமிடத்துக்கு ஐந்து பாட்டுக்குமேல் வேண்டாம். முதலாவது பாட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்பது தெரிய வேண்டும். நடுவில் ஒருவர் மனம் மாறும் பாட்டு. இறுதியில் எல்லோரும் சேர்ந்து பாடுவது. மெட்டுக்கு வெளியே அலைய வேண்டாம்: முல்லைத்தீவுப் பக்கத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரை இரண்டு நாள் அழைத்து வந்தால், கூத்து மெட்டில் பிள்ளைகளின் சொற்களை உட்கார வைத்துத் தருவார். தரம் 9, 10 பையன்களுக்குக் குரல் உடையும் பருவம். சுருதியைப் பாட்டுக்குப் பார்க்காமல் பாடுபவருக்குப் பார்த்து வையுங்கள், தேவையானால் அவர்கள் வரிகளைப் பேச்சாக்கி விடுங்கள். ஒத்திகையைக் கடைசி பஸ்ஸுக்கு அரைமணி நேரம் முன்னதாக முடித்துவிடுங்கள். இல்லையேல் இரண்டாம் வாரத்திலேயே பெண்பிள்ளைகளின் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வார்கள், பாய் தைத்தவளாகவும் ஒரு பையனே வந்து நிற்க நேரும்.