ஊமைப் படம் பேசும் படமா மாறுன காலத்துல வந்த சரித்திரக் காதல் படம் ஒண்ணப் பத்தி சொல்லுங்களேன்?

அனார்கலி.

எந்த அனார்கலின்னு கேப்பீங்க, விஷயமே அதுலதான் இருக்கு. பம்பாய் இம்பீரியல் ஃபிலிம் கம்பெனிக்காரங்க இந்தக் கதைய 1928ல ஊமைப் படமா எடுத்தாங்க, அப்புறம் 1935ல அதையே திரும்பப் பேசும் படமா எடுத்தாங்க. ரெண்டுக்கும் டைரக்டர் ஆர்.எஸ். சவுத்ரி, ரெண்டுலயும் அனார்கலி சுலோச்சனா, ரெண்டுலயும் சலீம் டி. பில்லிமோரியா. ஊமைப் படம் பேச ஆரம்பிச்சப்ப என்னாச்சுன்னு தெரிஞ்சுக்க எனக்குத் தெரிஞ்சு இதவிட நல்ல உதாரணம் கிடையாது, ஏன்னா கதையும் அதேதான் ஆளும் அதேதான், மாறுனது சத்தம் மட்டும்தான்.

இந்த சுலோச்சனா யாருன்னு முதல்ல சொல்லிடறேன், ஹிந்தியில அம்மா வேஷம் நிறைய போட்ட இன்னொரு சுலோச்சனாவோட குழப்பிக்காதீங்க. இவங்க நிஜப் பேரு ரூபி மயர்ஸ், 1907ல புனேல பொறந்தவங்க, பாக்தாதி யூதக் குடும்பம். பாத்த வேலை டெலிபோன் ஆபரேட்டர். அப்பல்லாம் குடும்பப் பொண்ணுங்க சினிமாப் பக்கமே வரக்கூடாதுன்னு வீட்டுக்கு வீடு கட்டுப்பாடு, அதனால யூத, ஆங்கிலோ இந்தியப் பொண்ணுங்கதான் நிறைய பேரு நடிக்க வந்தாங்க, வந்த உடனே ஒரு இந்துப் பேர ஒட்டி விட்ருவாங்க, ரெனீ ஸ்மித் சீதா தேவி ஆனது அப்படித்தான், ரூபி மயர்ஸ் சுலோச்சனா ஆனதும் அப்படித்தான். மோகன் பவ்னானின்னு ஒரு டைரக்டர் கோஹினூர் கம்பெனிக்குக் கூப்பிட்டப்ப இவங்களே முதல்ல முடியாதுன்னுட்டாங்க, அவர் விடாம கேட்டு கேட்டு இழுத்துட்டு வந்தாரு. நடிப்புன்னா என்னன்னே தெரியாது. ஆனா 1926ல டைப்பிஸ்ட் கேர்ள், டெலிபோன் கேர்ள்னு வரிசையா படம், 1927ல வைல்ட்கேட் ஆஃப் பாம்பேன்னு ஒண்ணுல எட்டு வேஷம், தோட்டக்காரன், போலீஸ்காரன், ஹைதராபாத் கனவான், வெள்ளைக்காரின்னு எல்லாம் இவங்களேதான். (தசாவதாரத்துக்கு எத்தன வருஷம் முன்னாடின்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.) பம்பாய் கவர்னர விட இவங்களுக்கு சம்பளம் அதிகம்னு ஒரு பேச்சு உண்டு, மாசம் ஐயாயிரம் ரூபாய்னு சொல்லுவாங்க.

இப்ப கதைக்கு வருவோம். அக்பரோட மகன் சலீம் ஒரு நடனக்காரிய காதலிக்கிறான், அக்பர் அந்தப் பொண்ண உயிரோட சுவத்துக்குள்ள வெச்சு கட்டச் சொல்லிடறாரு, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சரித்திரப் படம்னு சொல்றோமே தவிர அக்பர் ஆட்சியப் பத்தி அந்தக் காலத்துலயே எழுதுன அக்பர்நாமாவுல இந்தப் பொண்ணு பேச்சே கிடையாது, பின்னாடி ஜஹாங்கீரா ஆகி சலீமே தன் கைப்பட எழுதி வெச்ச நினைவுக் குறிப்புலயும் கிடையாது. லாகூர்ல இவங்க சமாதின்னு ஒரு கட்டடம் இருக்கு, அதுக்குள்ள இப்ப பஞ்சாப் அரசாங்கத்தோட பழைய ஆவணமெல்லாம் வெச்சிருக்காங்க, பக்கத்துல இருக்கற கடைத்தெருவுக்கே அனார்கலி பஜார்னுதான் பேரு. அந்த லாகூர்க்காரரு இம்தியாஸ் அலி தாஜ் 1922ல உருதுல இதை நாடகமா எழுதுனாரு, சினிமாக்காரங்க கண்ணுல பட்டது அதுக்கப்புறம்தான்.

முதல்ல படமா எடுக்க இறங்கினது இம்பீரியல் கிடையாது. கிரேட் ஈஸ்டர்ன்னு ஒரு கம்பெனி, சீதா தேவிய வெச்சு, சாரு ராயும் பிரஃபுல்ல ராயும் டைரக்ட் பண்ணி, லவ்ஸ் ஆஃப் எ முகல் பிரின்ஸ்னு நிதானமா எடுத்துட்டு இருந்தாங்க. இம்பீரியலுக்கு விஷயம் தெரிஞ்சதும் சவுத்ரி அவசர அவசரமா அதே கதைய சுலோச்சனாவ வெச்சு முடிச்சு முந்தி ரிலீஸ் பண்ணிட்டாரு. ஜனங்க பாத்தது சுலோச்சனாவத்தான், கஷ்டப்பட்டு எடுத்தவங்க படம் அடி வாங்குச்சு. ஒரே கதைய ரெண்டு கம்பெனி அடிச்சுக்கிட்டு எடுக்கறது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்ச வியாதி இல்ல பாருங்க.

ஊமைப் படத்துக்கு ஒரு பெரிய வசதி இருந்துச்சு, நடிக்கறவங்களுக்கு எந்த பாஷையும் தெரிய வேண்டாம். நடுநடுவுல எழுத்து அட்டை வரும், ஒரே அட்டையில ரெண்டு மூணு பாஷை இருக்கும், படிக்கத் தெரியாதவங்களுக்கு தியேட்டர்லயே ஒருத்தர் நின்னு சத்தமா கதை சொல்லுவாரு. அனார்கலி பாரசீக மணம் வீச உருது பேசணும்னு 1928ல யாரும் எதிர்பாக்கல, அவங்க உதட்டசைவுல என்ன பாஷை இருந்தாலும் ஜனங்க காதுல அவங்கவங்க பாஷைதான் விழுந்துச்சு. காந்தி காதி கண்காட்சி திறந்து வைக்கற ஒரு துண்டுப் படத்தோட சுலோச்சனா மாதுரி படத்துல ஆடுன டான்ஸ சத்தம் சேத்துப் போட்டு ஓட்டுனாங்கன்னு சொல்லுவாங்க, அப்ப கூட சேத்தது ஆட்டத்துக்கு சத்தம்தான், அவங்க பேச்சு இல்ல.

1931 மார்ச் 14, பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டர்ல இந்தியாவோட முதல் பேசும் படம் ஆலம் ஆரா ரிலீஸ். எடுத்தது இதே இம்பீரியல், அதோட முதலாளி அர்தேஷிர் இரானி. ஆனா இம்பீரியலோட பெரிய ஸ்டாரு சுலோச்சனா அதுல இல்ல, ஜுபைதா நடிச்சாங்க. ஹீரோ மாஸ்டர் விட்டல் கதை இன்னும் கூத்து, அவர் இந்தப் படத்துக்காக பழைய கம்பெனி ஒப்பந்தத்த மீறி வந்து, கேஸாகி, அவருக்காக வாதாடி ஜெயிச்சது ஜின்னா, அந்த ஜின்னாவேதான். இவ்வளவு பாடு பட்டு வந்த மனுஷனுக்கு வாய்ல உருது சரியா வரல, அதனால படத்துல பாதி நேரம் அரை மயக்கத்துல இருக்கற மாதிரி வெச்சுட்டாங்க. அதே வருஷம் அக்டோபர் 31ல மெட்ராஸ்ல வந்த நம்ம முதல் தமிழ் பேசும் படம் காளிதாஸ் கூட இம்பீரியல் படம்தான், ஆலம் ஆரா செட்டுலயே எடுத்தது, டி.பி. ராஜலக்ஷ்மி தமிழ்ல பேச ஹீரோ தெலுங்குல பதில் சொல்லுவாரு. யாருக்கு எது வருதோ அதப் பேசிக்கோங்கன்னு விட்டுட்டாங்க போல.

சுலோச்சனாவ அப்படி விட முடியல. அவங்களுக்கு ஹிந்துஸ்தானி சரளமா வராது. நாள் பூரா பேசறதே வேலையா இருந்த டெலிபோன் ஆபரேட்டர், பேசும் படம் வந்ததும் பேசத் தெரியாதவங்களா ஆயிட்டாங்க. ஒரு வருஷம் நடிக்காம உக்காந்து பாஷை கத்துக்கிட்டாங்க. இந்த இடத்துல எனக்கு ஒரு சொந்த வயித்தெரிச்சல் உண்டு, நானும் இருபத்தாறு வயசுல புனேக்கு வேலைக்குப் போய் ஹிந்தி தெரியாம மீட்டிங்ல பேந்தப் பேந்த முழிச்சவன்தான், காய்கறிக் கடையில கத்திரிக்காய கை நீட்டிக் காட்டி ஆறு மாசம் ஓட்டுனேன். எனக்குத் தெரியாதது பத்து பேருக்குத்தான் தெரியும். நாட்டுலயே பெரிய ஸ்டாருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

1932ல திரும்பி வந்தாங்க. எதோட வந்தாங்கன்னு பாருங்க, தன்னோட ஊமைப் படமான அதே மாதுரியோட பேசும் பதிப்போட. அடுத்து இந்திரா எம்.ஏ., அதுவும் 1929ல இந்திரா பி.ஏ.ன்னு ஊமையா நடிச்சது. அதுக்கப்புறம் 1935ல அனார்கலி, அடுத்த வருஷம் பம்பாய் கீ பில்லி, அது வைல்ட்கேட்டேதான். ஒவ்வொரு பழைய படமா எடுத்து அதுல தானே தனக்குக் குரல் வெச்ச மாதிரி. கதைப் பஞ்சம்னு சிலர் சொல்லலாம், ஜெயிச்ச சரக்க திரும்ப விக்கற வியாபார புத்தின்னும் சொல்லலாம், ரெண்டும் ஓரளவு உண்மைதான். ஆனா எனக்கென்னவோ பரீட்சையில பெயிலாயிடுவோம்னு பயந்தவங்க தனக்கு நல்லாத் தெரிஞ்ச பாடத்தையே திரும்பத் திரும்ப எழுதுன மாதிரிதான் தோணுது. அனார்கலி சாகப் போற நேரத்துல எப்படி நிக்கணும், எங்க திரும்பணும்னு அவங்களுக்கு 1928லயே தெரியும், வசனம் மட்டும் புதுசு.

ஓரளவு தாக்குப் பிடிச்சாங்க, ரூபி பிக்ஸ்னு சொந்தக் கம்பெனி கூட ஆரம்பிச்சாங்க, பில்லிமோரியாவோட ஜோடியா முப்பதுகள் பூரா ஓடுச்சு. அப்புறம் பாடத் தெரிஞ்ச புது ஆளுங்க வந்துட்டாங்க, பழைய மவுசு திரும்ப வரல.

இதுல எனக்குப் பெரிய குறை என்னன்னா நான் பாத்தது 1953 அனார்கலி மட்டும்தான். இந்தியாவுல ஆயிரத்து முந்நூறு ஊமைப் படம் எடுத்தாங்கன்னு சொல்லுவாங்க, அதுல முப்பது கூட இன்னைக்கு மிஞ்சல, ஆலம் ஆராவே இல்ல. அந்த 1953 படம் ஃபில்மிஸ்தான் எடுத்தது, பீனா ராய் அனார்கலி, பிரதீப் குமார் சலீம், சி. ராமச்சந்திரா மியூசிக்ல லதா பாட்டு. எங்க வீட்ல அம்மாவுக்கு 1955ல தமிழ்ல வந்த அஞ்சலி தேவி அனார்கலிதான் அனார்கலி, நான் ஹிந்திப் படம் போட்டா பாட்டுக்கு மட்டும் வந்து உக்காருவாங்க.

முதல் தடவ பாக்கும்போது சலீமோட அம்மா ஜோதாபாய் வர்ற சீனெல்லாம் நான் ஓட்டி விட்டுட்டேன், ராணி வேஷத்துல ஒரு வயசான அம்மா நிக்கறாங்க, அவ்வளவுதான்னு நெனச்சு. அது சுலோச்சனான்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மறுபடி போட்டு, இந்தத் தடவ மத்ததையெல்லாம் ஓட்டி விட்டுட்டு அவங்க வர்ற சீன மட்டும் பாத்தேன். உருது சுத்தமா இருந்துச்சு.