பையன்களை மட்டும் ஏன் கிரவுண்டுக்கு அனுப்புறீங்க?

அண்ணா, வணக்கம். எங்க ஊரு பாலக்கோடு பக்கம். பொண்ணு ஒன்பதாவது படிக்குது. ஸ்கூல்ல பாலியல் கல்வின்னு ஒரு டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்து பேச வைக்கப் போறாங்களாம். பேரண்ட்ஸ் மீட்டிங்ல பாதிப்பேர் வேணவே வேணாம்னு சத்தம், என் வீட்டுக்காரரும் அந்தப் பக்கம்தான். தெரியாத வயசுல சொல்லிக்குடுத்து நாமளே தூண்டிவிட்ட மாதிரி ஆயிடாதா? நாங்கல்லாம் யாரு சொல்லிக்குடுத்து வளந்தோம்? பையன் எட்டாவது, அவனைப் பத்திக் கவலை இல்ல. பொண்ணை நெனச்சாத்தான் பயமா இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?

அன்புள்ள தங்கச்சிக்கு,

தூண்டிவிடுமான்னு கேட்டதுக்கு ரெண்டு வரி போதும். பல நாட்டு ஆய்வுகளை வெச்சு யுனெஸ்கோ 2018ல போட்ட வழிகாட்டியில, சொல்லிக்குடுத்ததால பிள்ளைங்க சீக்கிரமா அந்தப் பக்கம் போறதில்லன்னு தெளிவா இருக்கு. பாப்பாவைக் கண்டிப்பா உக்கார வைங்க. வீட்டுக்காரரை நீங்கதான் பேசிச் சரி பண்ணணும், அதுல நான் வரல.

ஆனா "பையனைப் பத்திக் கவலை இல்ல"ன்னு போற போக்குல எழுதிட்டீங்க பாருங்க, அதைப் படிச்சதுலருந்து எனக்கு மனசே சரியில்ல.

நான் ஒன்பதாவது படிச்சப்போ எங்க ஸ்கூலுக்கு ஒரு நர்ஸம்மா வந்தாங்க. பொண்ணுங்களை மட்டும் ஒரு ரூம்ல உக்கார வெச்சுட்டு, பசங்கல்லாம் கிரவுண்டுக்குப் போங்கடான்னு வாத்தியார் தொரத்திவிட்டாரு. நாங்க ஜன்னல்கிட்ட நின்னு இளிச்சோம், அதைத்தவிர அன்னைக்கு எங்களுக்கு ஒண்ணும் கெடைக்கல. பத்தாவதுல இனப்பெருக்கம் பாடம் வந்தப்போ, வீட்ல படிச்சுக்கங்கன்னு சொல்லி பக்கத்தைத் திருப்பிட்டாங்க.

அந்த வருசந்தான் தூக்கத்துல எனக்கு விந்து வெளியாக ஆரம்பிச்சது. என்னமோ பெரிய வியாதி வந்துடுச்சு, சாகப்போறேன்னு நெனச்சேன். யார்கிட்ட கேக்கறது? தர்மபுரி பஸ் ஸ்டாண்டு சுவத்துல ரகசிய வியாதி, இளமையில் செய்த தவறுன்னு போஸ்டர் ஒட்டியிருக்கும், இன்ன தேதிக்கு இன்ன லாட்ஜுன்னு போட்டிருக்கும். லீவுல புளி ஒடச்சு சேத்து வெச்சிருந்த காசை எடுத்துக்கிட்டுப் போனேன். அந்த வைத்தியர் ஒரு சொட்டு விந்து நூறு சொட்டு ரத்தம்டா தம்பின்னாரு, ஒரு டப்பா லேகியம் குடுத்தாரு, கல்யாணம் பண்ணா பொண்டாட்டி ஓடிருவான்னாரு. பதினஞ்சு வயசுப் பையன்கிட்ட சொல்ற பேச்சா அது? சோறு எறங்கல, எளச்சுப் போயிட்டேன், அம்மா மஞ்சக்காமாலைன்னு நெனச்சு தெனமும் காலையில கீழாநெல்லி அரச்சு மோருல கலக்கிக் குடுத்தாங்க, நானும் என்ன ஏதுன்னு சொல்லாம குடிச்சேன். பாவம், அவங்க சாகற வரைக்கும் அது காமாலைன்னுதான் நெனச்சுட்டு இருந்தாங்க. பருவம் வந்த ஆம்பளை உடம்பு விந்தணுவைத் தெனமும் உண்டாக்கிக்கிட்டேதான் இருக்கும், தூக்கத்துல வெளிய வர்றது வியாதியே இல்லன்னு கிரவுண்டுக்குத் தொரத்தின வாத்தியாரு ஒரே ஒரு நிமிசம் சொல்லியிருந்தா போதும், அந்த ஒன்றரை வருசம் எனக்கு மிச்சமாயிருக்கும்.

யாரு சொல்லிக்குடுத்து வளந்தோம்னு கேட்டீங்களே, இப்படித்தான் வளந்தோம்.

பொண்ணு வயசுக்கு வந்தா குச்சு கட்டுறோம், தாய்மாமன் சீர் கொண்டு வரான், மைக் செட்டு, ஃப்ளெக்ஸ், ஊருக்கே தெரியுது. பையன் வயசுக்கு வந்தது பெத்தவளுக்கே தெரியறதில்ல. அவன் கையில இப்ப போஸ்டருக்குப் பதிலா போன் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொண்ணு கேளுங்க. 2007ல மத்திய அரசு 13 மாநிலத்துல பிள்ளைங்ககிட்ட ஒரு ஆய்வு எடுத்துச்சு. பாலியல் தொந்தரவுக்கு ஆளானேன்னு சொன்ன பிள்ளைங்கள்ல 52.94 சதவீதம் பையன்க. பாதிக்கு மேல! பிள்ளைங்களைப் பாலியல் குத்தத்துலருந்து காக்கற போக்சோ சட்டம் பையனுக்கும் சேத்துத்தான், குழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு அவனும் போன் பண்ணலாம், ஆனா நடந்ததை என்ன வார்த்தையில சொல்றதுன்னே அவனுக்கு யாரும் சொல்லித்தரலையே.

அப்பறம் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குழந்தைக் கல்யாணம் இன்னும் நின்னபாடில்ல. பொண்ணுக்குப் பதினெட்டு ஆகலைன்னா அவ சரின்னு சொன்னாலும் சட்டத்துக்கு அது சம்மதம் இல்ல, தாலி கட்டியிருந்தாலும் அவளோட உறவு வெச்சுக்கறது குத்தந்தான்னு 2017லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. பத்தொம்பது வயசுப் பையன் ஜெயிலுக்குப் போற அன்னைக்குத்தான் இதைக் கேள்விப்படறான். அவனைப் பெத்தவங்களும் ஒருகாலத்துல பையனைப் பத்திக் கவலை இல்லன்னுதான் இருந்திருப்பாங்க. திட்டுறேன்னு நெனைக்காதீங்க. இல்ல, திட்டத்தான் செய்யறேன்.

அடுத்த மீட்டிங்ல நீங்க எழுந்து, எட்டாவது பசங்களையும் சேத்து உக்கார வைங்கன்னு கேக்கணும். தனியா கேக்கத் தயக்கமா இருந்தா தேதி எழுதுங்க, தர்மபுரியிலருந்து பஸ் ஏறி வந்துடறேன். அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி, வீட்டுக்காரர் இல்லாத நேரமாப் பாத்து, தம்பியைப் பக்கத்துல உக்கார வெச்சு, உடம்புல ஏதாவது புதுசா நடந்தா பயப்படாதடா, என்கிட்ட சொல்லுன்னு மட்டும் சொல்லிடுங்க. அவன் மூஞ்சியைத் திருப்பிக்குவான். பரவால்ல, சொல்லிடுங்க.

அன்புடன்,
அண்ணன்