சேர்ந்த தேதி

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வைட்ஃபீல்டில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். யோகா வகுப்பு, மனநல ஆலோசகர், ‘சிறந்த பணியிடம்’ விருது எல்லாம் உண்டு. போன வாரம் மனிதவளத் துறையில் கூப்பிட்டு, நானாகவே ராஜினாமா செய்வதாக எழுதித் தரச் சொன்னார்கள். மறுத்தால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காதாம். எழுதித் தரலாமா? அழுதுகொண்டே வெளியே வந்தபோது, எங்கள் தளத்தைத் துடைக்கும் மாரிக்குப்பத்து அக்காதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் அடுத்த மாதம் புது கான்ட்ராக்டராம், மறுபடி முதல் நாளிலிருந்து கணக்காம்.

கே., பெங்களூரு

அன்புள்ள கே.,

எழுதித் தராதீர்கள். நீங்களே போவதாகக் கையெழுத்திட்டுவிட்டால், வெளியேற்றியது அவர்கள் என்பதற்கு ஆதாரமே இருக்காது. ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளமும் தர வேண்டும் என்று தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இலேயே சேர்த்துவிட்டார்கள். உங்கள் பதவிப் பெயரைக் காட்டி அது பொருந்தாது என்பார்கள். நீதிமன்றம் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, அன்றாடம் செய்யும் வேலையைத்தான் பார்க்கிறது. வாயால் சொன்னதை மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். 2017 முதல் கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர் சங்கம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். யோகா வகுப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவுமில்லை.

கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

என் ஊர் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப், அந்த அக்காவின் மாரிக்குப்பத்துக்குப் பக்கம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு, வீட்டுக்கு ஒருவராவது விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்தார்கள். என் சித்தியும் வந்தார். ஒரு பெரிய நிறுவனத்தில் கழிவறைகளைக் கழுவினார். சில ஆண்டுகளுக்கொருமுறை ஒப்பந்ததாரர் மாறுவார். நீலச் சீருடை போய்ப் பச்சை வரும், பச்சை போய்ப் பழுப்பு வரும். வாளி அதே வாளி, மேற்பார்வையாளர் அதே ஆள், சேர்ந்த தேதி மட்டும் புதிது. வேலையை விடும்போது தரும் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 1972ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டது ஐந்தாண்டுத் தொடர் பணி. ஐந்து நிறைவதற்குள் ஒப்பந்தம் கைமாறிவிடும். முட்டி தேய்ந்து அவர் வேலையை விட்டபோது, கடைசி ஒப்பந்ததாரர் “எங்களிடம் வந்து இரண்டு வருடம்தானே” என்றார். முந்தையவரின் அலுவலகம் இருந்த இடத்தில் பேக்கரி இருந்தது. நிறுவனத்தில் வாசலைத் தாண்டி விடவில்லை.

யாரோ ஒரு கெட்ட ஒப்பந்ததாரரின் வேலை என்று இதை ஒதுக்காதீர்கள். டெண்டர் கோருவது நிறுவனம். குறைந்த தொகை கேட்டவருக்குக் கொடுப்பது நிறுவனம். பழகிய ஆட்களை மாற்றாதே என்று புதியவரிடம் சொல்வதும் அதே நிறுவனம். அவர்களின் அனுபவம் வேண்டும், அதைச் சேர்த்த வருடங்கள் கணக்கில் வேண்டாம் என்றால் அது திருட்டு. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் அவருக்கு வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனம் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கூலிக்கு ஒத்துக்கொண்ட நியாயம் பணிக்காலத்துக்கு ஏன் ஆகாது? பழைய ஆளை எடுத்தால் பழைய தேதியோடு எடு என்று டெண்டரில் ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரமாகும்?

தங்கவயல் தொழிலாளர்கள் 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள். அவர்களுடைய பேத்திகள் இன்று அலுவலக வாசல்களில் தினமும் விரலை வைக்கிறார்கள். ஐந்து நிமிடத் தாமதத்தை எழுதிக்கொள்ளும் அந்தக் கருவி, அவர்கள் கொடுத்த வருடங்களை எழுதிக்கொள்வதில்லை.

நீங்களும்தான் கே. எட்டு வருடம் அவர் துடைத்த தரையில் நடந்தீர்கள். விருதுக்கான கருத்துக்கணிப்புத் தாளை அவரிடம் யாராவது நீட்டினார்களா என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? உங்களுக்கு இரக்கம் இருக்கிறது, அதனால்தான் திட்டுகிறேன்.

உங்கள் நுழைவு அட்டை இன்னும் வேலை செய்கிறது. அதற்குள் அவரோடு உட்கார்ந்து, வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் இருக்கும் பணி வரலாற்றைப் பதிவிறக்கிக் கொடுங்கள். எந்த ஒப்பந்ததாரரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் ஒரு புது எண் திறந்திருந்தால் எல்லா எண்களையும் தேடி எடுங்கள். பழைய அடையாள அட்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். தொழிலாளர் துறை பன்னேர்கட்டா சாலையில், கார்மிக பவனில் இருக்கிறது. கன்னடத்தில் மனு எழுத ஆளில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.