கோபமும் பகிர்தலும் – கடிதம்

வணக்கம். எனக்கு 22 வயது. செய்தி என்று நான் பார்ப்பதெல்லாம் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும்தான். கோபம் வரவைக்கும் வீடியோ என்றால், அது முடிவதற்குள்ளேயே நண்பர்களுக்கு அனுப்பிவிடுகிறேன். பயமுறுத்தும் செய்தி என்றால் இரவு இரண்டு மணி வரை அதையே தேடிக்கொண்டிருக்கிறேன். "உங்க தலைமுறையே இப்படித்தான்" என்கிறார் அப்பா. உணர்ச்சிவசப்படாமல் செய்தி படிக்க என்ன வழி?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அப்பா விஷயம். 2016 அமெரிக்கத் தேர்தலின்போது ஃபேஸ்புக்கில் போலிச் செய்திகளைப் பகிர்ந்தவர்களை ஆராய்ந்தார்கள். 65 வயதைக் கடந்தவர்கள் இளைஞர்களைவிடக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு அதிகம் பகிர்ந்திருந்தார்கள். இதைச் சொல்லி வீட்டில் சண்டை இழுக்க வேண்டாம்.

உணர்ச்சியே இல்லாமல் யாராலும் படிக்க முடியாது. ஆனால் எல்லா உணர்ச்சியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது: கோபம் வந்தால் அனுப்புகிறீர்கள், பயம் வந்தால் தேடுகிறீர்கள். கோபத்தில் யார் குற்றவாளி என்பது தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும், மேற்கொண்டு பார்க்கத் தோன்றாது. பயத்தில் எவ்வளவு பார்த்தாலும் போதாது. சோகமா? தள்ளிவிட்டுப் போய்விடுவோம். நியூயார்க் டைம்ஸ் கட்டுரைகளில் எவை அதிகம் மின்னஞ்சலில் அனுப்பப்பட்டன என்று ஜோனா பெர்கர், கேத்ரின் மில்க்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். வியப்பு, கோபம், பதற்றம் தூண்டியவை அதிகம் பரவின, சோகமானவை குறைவாகப் பரவின என்றது 2012இல் வந்த அந்த ஆய்வு.

கம்பெனிகளுக்கும் இது தெரியும். எந்தப் பதிவை அதிகம் காட்டுவது என்று ஃபேஸ்புக் போடும் கணக்கில், 2017இலிருந்து கொஞ்ச காலம் பதிவுக்குக் கீழே போடும் ஒரு எமோஜி ஐந்து லைக்குக்குச் சமம், கோப முகமும் சேர்த்துத்தான். 2020இல் கோபத்தின் மதிப்பை மட்டும் பூஜ்யமாக்கினார்கள். இன்று எந்தத் தளம் எப்படிக் கணக்குப் போடுகிறதோ, உங்கள் கைக்கு வரும் வீடியோ ஏற்கெனவே பலரைக் கொதிக்கவைத்துத் தேர்வானதாக இருக்கலாம்.

அதை இன்னொரு முறை பாருங்கள். பெரும்பாலும் நடுவிலிருந்துதான் தொடங்கும், ஒருவர் ஏற்கெனவே கத்திக்கொண்டிருப்பார். அதற்கு முந்தைய அரை நிமிடம் எங்கே? எடுத்த தேதி என்ன? மேலே ஓடும் எழுத்தை யார் சேர்த்தது? அப்புறம் அந்தப் பின்னணி இசை! மியூட் செய்துவிட்டுப் பாருங்கள், பாதிக் கோபம் இறங்கிவிடும். மிச்சக் கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். அப்போது தாராளமாக அனுப்புங்கள், தேதியோடும் எங்கிருந்து வந்தது என்பதோடும்.

இரவு இரண்டு மணி விவகாரம் வேறு. அங்கே "சரிபாருங்கள்" என்று நான் சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் போகும். அந்த நேரத்தில் புதுத் தகவல் பெரும்பாலும் வருவதில்லை, அதே செய்தியைத்தான் ஆளுக்கு ஆள் பதறிக்கொண்டு சொல்கிறார்கள். காலையில் நம்பகமான ஒரே ஒரு இடத்தில் படித்தால் போதும். அதுவரை போனை அடுத்த அறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.