வெறி: ஒரு சொல், பல கேள்விகள்

இந்த முறை ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டோம்: வெறி. ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் அதில் ஒன்றுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

டீச்சர், என் பையன் எதற்கெடுத்தாலும் ‘வெறித்தனமா இருக்கு’ என்கிறான். பிரியாணியும் வெறித்தனம், பரீட்சைக்குப் படித்ததும் வெறித்தனம். இது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா? (திருச்சியிலிருந்து ஓர் அம்மா)

பையனைத் திட்டாதீர்கள். நம் தலைமுறை ‘சாம்பார் பயங்கரமா இருக்கு’ என்று சொல்லி இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டதுதானே? நன்றாகப் பாடினவரை ‘கொன்னுட்டார்’ என்கிறோம். அச்சமூட்டும் சொல்லை இழுத்துவந்து பாராட்டுக்கு வைப்பது பேச்சுத் தமிழில் பழைய பழக்கம். கலவரச் செய்தியில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ‘வெறித்தனம்’ இப்போது அந்த வரிசையில் வந்து நிற்கிறது. 2011-இல் ஒரு திரைப்பாட்டு ‘கொலவெறி’யை உலகம் சுற்ற வைத்த பிறகு இளைஞர்களுக்கு இந்தச் சொல்மேல் இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது.

என் கருத்து வேண்டுமானால், பிரியாணிக்கு இது அதிகம். சோறு தூக்கம் மறந்து படித்ததற்குச் சரியாகவே பொருந்துகிறது.

சரி, இந்தச் சொல்லின் பழைய பொருள் என்ன? ‘வெறியாட்டு’ என்று பாடத்தில் படித்த ஞாபகம். குடித்துவிட்டு ஆடுவதா? (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்)

குடியில்லை. தேர்வுக்கு வேண்டியது ஒரு வரிதான் என்றாலும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மலைநாட்டுப் பெண் ஒருத்தி யாருக்கும் தெரியாமல் ஒருவனைக் காதலிக்கிறாள். அவன் வரத்து குறைகிறது, இவள் இளைக்கிறாள். வளை கழல்கிறது, நெற்றியில் பசலை, அதாவது பிரிவால் வரும் வெளிறிய நிறம், படர்கிறது. தாய்க்குக் காரணம் புரியவில்லை. குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைத்து முறத்தில் நெல்லிட்டுக் குறி கேட்கிறாள். கழங்கு என்ற கழற்சிக்காயைப் போட்டுப் பார்ப்பதும் உண்டு. ‘முருகு அணங்கியிருக்கிறது’, அதாவது முருகன் பிடித்து வருத்துகிறான் என்று விடை வந்ததும் வேலன் வருகிறான். அவன் முருகனின் பூசாரி, கையில் வேல். முற்றத்தில் புதுமணல் பரப்பிப் பந்தலிட்டு, செந்தினையைக் குருதியோடு கலந்து தூவி, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு ஆடுகிறான். அந்த ஆட்டம் வெறியாட்டு, ஆடுகிற இடம் வெறிக்களம், ஆடும்போது அவன்மேல் இறங்குவது வெறி. ‘வெறியறி சிறப்பின் வெவ்வாய் வேலன்’ என்று தொல்காப்பியம் இந்த ஆளுக்கு அடைமொழியே கொடுத்து வைத்திருக்கிறது.

படிக்கிற நமக்கு நோய் என்னவென்று தெரியும். தோழிக்கும் தெரியும். தாய்க்கும் வேலனுக்கும் மட்டும் தெரியாது, சுவையே அங்கேதான். குறுந்தொகை 362-இல் தோழி வேலனை நேராக மடக்குகிறாள். ‘கோபப்படாதே, ஒன்று கேட்கிறேன். பல நிறச் சோறு படைக்கிறாய், சின்னக் குட்டியை அறுக்கிறாய், இவள் நெற்றியைத் தடவுகிறாய். இவளை வருத்தியவன் மலைநாட்டுக்காரன் ஒருவன். அவனுடைய மாலையணிந்த மார்பும் உன் பலியை உண்ணுமோ?’ மூலத்தில் கடைசி அடி ‘ஒண்தார் அகலமும் உண்ணுமோ பலியே’. அந்த ‘அகலமும்’ என்பதில் இருக்கிற ‘உம்’மைப் பாருங்கள். முருகன் உண்பான் சரி, காதலனின் மார்புமா என்று இடிக்கிறது.

நற்றிணை 34-இல் துணிச்சல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்த நோய் தன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும், வேலன் வேண்டினான் என்பதற்காகக் கடம்பு மாலை சூடிக்கொண்டு வந்து நின்ற முருகனையே பார்த்து, ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே’ என்கிறாள். கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனாலும் நீ மடையன்தான், நல்லா இரு! திட்டுக்கு நடுவில் ‘வாழிய’ போடுகிற இந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தேர்வுக்காக இரண்டு துணுக்கு: ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் 241 முதல் 250 வரை ‘வெறிப்பத்து’. அகநானூறு 22-ஐப் பாடியவர் பெயர் வெறிபாடிய காமக்கண்ணியார். பாடிய பொருளே பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண்ணின் உள்ளே எரிகிறதே, அதற்கு யாரும் வெறி என்று பெயர் வைக்கவில்லை. அது காமம், நோய், நசை என்ற ஆசை. வெறி என்பது வேலனுக்கு வந்தது. வெளியிலிருந்து வந்து ஏறி, ஆட்டிவைத்து, இறங்கிப் போவது. பின்னால் சொல்லப்போகிற பல பதில்களுக்கு இதுதான் ஆதாரம்.

இது முருகன் கதை மட்டும்தானா? எங்கள் பாசுரத்திலும் இப்படி ஒன்று வருமே. (ஸ்ரீரங்கம்)

வரும். திருவாய்மொழியில் ‘தீர்ப்பாரை யாமினி’ என்று தொடங்கும் பதிகம். அங்கே நோய் கண்ணன்மேல் வைத்த காதல். வீட்டார் சின்னத் தெய்வங்களுக்குப் படையல் போட்டு ஆடவைக்க, தோழி தடுக்கிறாள்: இவளைப் பிடித்திருப்பது அந்த இளந்தெய்வம் இல்லை, மிக்க பெருந்தெய்வம். அகத்துறையில் இதற்கு ‘வெறிவிலக்கு’ என்று பெயர். சங்கப் பாட்டில் காதலன் நின்ற இடத்தில் நம்மாழ்வார் பெருமாளை நிறுத்திவிட்டார், மற்ற ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள்.

எங்க ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுல சாமி வந்து ஆடுறவரைப் பார்த்து ‘வெறி வந்திருக்கு’ன்னு சொன்னா அடிக்க வருவாங்க. ‘அருள் வந்திருக்கு’ன்னுதான் சொல்லணும். சங்ககாலத்துல மட்டும் எப்படி? (தென்காசிப் பக்கம்)

சரியான கேள்வி. சொல் வீடு மாறிவிட்டது. சாமி இறங்குவதை ‘அருள்’, ‘மருள்’ என்ற சொற்கள் எடுத்துக்கொண்டன. ஆடுகிறவர் சாமியாடி, சில ஊர்களில் மருளாளி, கோடாங்கி. தெய்வத்தை இழந்த வெறிக்கு மிச்சமானது ஆட்டமும் தன்னிலை இழப்பும்தான். அதைத்தான் நாய்க்கும் குடிகாரனுக்கும் கொலைகாரனுக்கும் கொடுத்தோம். ‘ஆவேசம்’ போன பாதையும் இதேதான். அதன் முதல் பொருள் தெய்வமோ பேயோ உள்ளே புகுதல். இன்றைக்கு மேடையில் கத்திப் பேசினாலே ‘ஆவேசப் பேச்சு’.

ரீச்சர், எங்கட ஊரில வெறி எண்டால் குடிவெறிதான். ‘அவர் நல்ல வெறியில நிக்கிறார்’ எண்டால் தண்ணி போட்டிட்டார் எண்டு அர்த்தம். நீங்கள் ‘கிரிக்கெட் வெறியன்’ எண்டு சொல்லேக்க சிரிப்பு வருது. எங்கட பாவனை பிழையோ? (யாழ்ப்பாணத்திலிருந்து)

பிழையே இல்லை. தமிழ்நாட்டிலும் ‘குடிவெறி’ உண்டு, ஆனால் ‘குடி’யைச் சேர்க்காமல் புரியாது. உங்களுக்கு வெறும் ‘வெறி’யே போதும். நிரந்தரக் குடிகாரருக்கு நீங்கள் வைத்த ‘வெறிக்குட்டி’ என்ற பெயர் எங்களிடம் இல்லையே என்று எனக்குப் பொறாமைதான். எவ்வளவு செல்லமாகத் திட்டுகிறது!

எங்கள் வெறிநாய் உங்களுக்கு விசர்நாய், விசர் என்றால் பைத்தியம். இங்கே வெறி செய்கிற வேலையில் பாதியை அங்கே ‘விசர்’ பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் உங்கள் வெறி போத்தலோடு நின்றுவிட்டது.

வெறிநாய்க்கடிக்கு ஏன் இந்தப் பெயர்? நாய்க்குக் கோபமா?

கோபமில்லை, நோய். கடித்த நாயின் எச்சில் வழியே வைரஸ் உள்ளே போய், நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. மூளை கெட்ட நாய் கண்டதையெல்லாம் கடிக்கிறது. தன் வசத்தில் இல்லை என்பதால் இந்தப் பெயர். ‘ரேபீஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கும் இதே பொருள்தான்.

சொல்லாராய்ச்சி இருக்கட்டும், நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு நேரே ஊசி போட ஓடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் மிக மிக அரிது. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இந்தத் தடுப்பு மருந்தைப் போட்டது 1885-இல். நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இலேயே வந்துவிட்டது.

‘வெறியார் கருங்கூந்தல்’ என்று படித்தேன். தலைவிரி கோலமா?

இல்லையில்லை, மணக்கும் கூந்தல். வெறிக்கு ‘மணம்’ என்றும் ஒரு பொருள் உண்டு. இன்று பேச்சில் அடியோடு போய்விட்டது. ‘வெறி கமழும் சோலை’ என்று எங்காவது கண்டால் ஓட வேண்டாம், பூ பூத்திருக்கிறது என்று அர்த்தம்.

‘தெரு வெறிச்சோடிக் கிடந்தது’ என்கிறோம். கூட்டமே இல்லாத தெருவில் என்ன வெறி? (கோவில்பட்டி)

இது வேறு குடும்பம். வெறுமை, வெறும், வெறிச்சென்று, வெறிச்சோடி எல்லாம் ஒரு கிளை. கண் இமைக்காமல் ‘வெறித்துப் பார்த்தான்’ என்பதையும் பொருளை வைத்து நான் இந்தப் பக்கம்தான் சேர்ப்பேன், ஏனென்றால் அந்தப் பார்வையில் கோபம் இருக்க வேண்டியதில்லை, ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கோவில்பட்டிக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ‘மழை வெறிச்சிருச்சு’ என்பது உங்கள் பக்கத்துச் சொல்தானே. மேகம் கலைந்து வானம் வெறுமையானது. சென்னையில் இதைச் சொல்லிப் பாருங்கள், மழை வெறிகொண்டு கொட்டுகிறது என்று நினைத்துக் குடை எடுப்பார்கள்.

பித்து, கிறுக்கு, மோகம், வெறி: எல்லாம் ஒன்றுதானே? மொழிபெயர்க்கும்போது எதைப் போடுவது என்று தடுமாறுகிறேன்.

பக்கத்தில் வருகிற வினையைப் பாருங்கள். வெறி ‘பிடிக்கும்’, பேயைப் போல. ‘ஏறும்’, விஷத்தைப் போல. பிறகு அடங்கும், தணியும். ‘நான் வெறிக்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘எனக்கு வெறி வந்தது’, ‘அவனுக்கு வெறி ஏறியது’. ஆள் எழுவாயாக இருப்பதில்லை, வந்திறங்கும் இடமாக இருக்கிறான்.

பித்து அப்படியில்லை. பித்தன் தன்னை இழப்பான், அடுத்தவனைக் கடிக்கமாட்டான். சிவபெருமானைப் ‘பித்தா’ என்று சுந்தரர் கூப்பிடலாம். ‘வெறியா’ என்று கூப்பிட முடியுமா? கிறுக்கில் கொஞ்சம் கேலி இருக்கிறது. மோகத்துக்கு ஒரு பொருள் வேண்டும், நகை மோகம், பதவி மோகம் என்று. அடுத்தவருக்கு அடிபடும் அளவுக்குப் போனால்தான் வெறி. உங்கள் மூலத்தில் அந்த ஆள் யாரையாவது காயப்படுத்துகிறானா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான் மொழிப்பற்று என்கிறேன், என் நண்பர் அதையே மொழிவெறி என்கிறார். எது சரி?

பற்று நாம் பற்றிக்கொள்வது, விட்டுப் பிடிக்கலாம். வெறி நம்மைப் பிடிப்பது. இலக்கணம் அவ்வளவுதான் சொல்லும். நடைமுறையில் ‘என்னுடையது பற்று, உன்னுடையது வெறி’ என்றுதான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் நண்பரிடம் அவருக்கு எதன்மேல் பற்று என்று கேட்டுப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

நாளிதழ் ஒன்றில் துணையாசிரியராக இருக்கிறேன். ‘காமவெறியன்’, ‘சாதிவெறி’, ‘கொலைவெறித் தாக்குதல்’ எல்லாம் தினமும் தலைப்பில் வருகின்றன. தவறில்லையே, டீச்சர்?

‘கொலைவெறித் தாக்குதல்’ தேய்ந்துபோன சொல். அதைப் படித்து யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. ‘அரிவாளால் மூன்று பேர் வெட்டினார்கள்’ என்று நடந்ததை எழுதினால் அதிர்வார்கள். அது நடை பற்றியது, சின்ன விஷயம்.

பெரிய விஷயம் மற்ற இரண்டும். வெறி என்றதும் வாசகர் மனத்தில் என்ன வருகிறது? தன் வசத்தில் இல்லாத ஒருவன், எதுவோ பிடித்து ஆட்டுகிறது. இப்போது உங்கள் செய்தியைப் படியுங்கள். பெண் வேலை முடிந்து வரும் நேரத்தைப் பல நாள் பார்த்துவைத்து, இருட்டான இடம் தேர்ந்து, செல்போனை அணைத்துவைத்துக் காத்திருந்தவனுக்கு வெறியா பிடித்தது? வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்த மகளைச் ‘சமாதானம் பேசலாம்’ என்று ஊருக்கு வரவழைத்து, ஆள் பேசி, கூலி பேசி முடித்தவர்களுக்கு எந்தச் சாமி ஏறியது? கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். ‘வெறி’ என்று எழுதும்போது அந்தக் கணக்கு தலைப்பிலிருந்து மறைந்துபோகிறது. ‘ஏதோ வெறியில பண்ணிட்டான்’ என்று டீக்கடையில் பேசுவதற்கு வசதி செய்துகொடுத்துவிடுகிறோம்.

‘சாதிவெறி’யைக் கண்டிக்கிற நோக்கத்தோடுதான் எல்லோரும் எழுதுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன், இனியும் மேடையில் அந்தச் சொல்லை முற்றாக விடமுடியும் என்று தோன்றவில்லை. ஆனால் செய்தியில் ‘சாதி ஆணவம்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆணவம் ஒருவர் தானே வளர்த்துக்கொள்வது. ‘காமவெறியன்’ என்பதற்குப் பதில் குற்றத்தின் பெயரை எழுதுங்கள், ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ என்று எழுதுங்கள். தலைப்பில் இடம் போதவில்லை என்பீர்கள். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

கடைசியாக ஒன்று: வெறியா, வெரியா? எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் இரண்டும் வருகிறது.

வல்லின றகரம், வெறி. ‘வெரிந்’ என்று ஒரு பழஞ்சொல் உண்டு, அதற்கு முதுகு என்று பொருள். ‘சாதி வெரி’ என்று எழுதுகிறவர்கள் முதுகைத்தான் கண்டித்துக்கொண்டிருக்கிறார்கள்.