லாகின் கேட்காத பக்கத்தைப் படித்தால் கணினி மோசடியா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் வசிக்கிறேன். ஒரு தளத்தில் லாகின் இல்லாமலே தெரியும் வாடகை விளம்பரங்களை ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சின்ன நிரல்) வைத்து எடுத்து, ஏரியா வாரியாக வாடகை நிலவரம் போடுகிறேன். ‘இனி எங்கள் தளத்துக்குள் வந்தால் கணினி மோசடிச் சட்டம் பாயும்’ என்று அவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். ஜெயில் வரை போகுமா?

பதில்: நீங்கள் சொன்னது மட்டும்தான் நடந்தது என்றால், அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. 1986இல் வந்த அந்த அமெரிக்கச் சட்டம் அனுமதியின்றி கணினிக்குள் நுழைவதைத் தண்டிக்கிறது. பூட்டே இல்லாத இடத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

லிங்க்ட்இன் 2017இல், தன் தளத்தில் எல்லாரும் பார்க்கக்கூடிய புரொஃபைல்களை ஸ்கிரிப்ட் வைத்து எடுத்த ஹைக்யூ நிறுவனத்துக்கு இதே மாதிரி நோட்டீஸ்தான் விட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி வந்தது. எல்லாரும் பார்க்கக்கூடிய பக்கத்துக்கு இந்தச் சட்டம் பொருந்துவது சந்தேகம்தான் என்று 2022 ஏப்ரலில் ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம் (வட்டார வாரியாக உள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) சொன்னது. கலிஃபோர்னியா அதன் எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் அது இடைக்காலத் தடை உத்தரவுக் கட்டத்தில் சொன்னது. மற்ற சர்க்யூட்களைக் கட்டுப்படுத்தாது.

பாஸ்வேர்ட் கேட்கும் பக்கம் என்றால் கதையே வேறு. பவர் வென்ச்சர்ஸ் என்ற நிறுவனம், தன் பயனர்கள் சம்மதித்தார்கள் என்று ஃபேஸ்புக்குக்குள் போனது. ஃபேஸ்புக் நோட்டீஸ் விட்ட பிறகும் நிறுத்தவில்லை. 2016இல் இதே சர்க்யூட் அதை மீறல் என்றது.

சரி, ஹைக்யூ ஜெயித்ததா? இல்லை. பயனர் ஒப்பந்தத்தை மீறியதாக 2022 நவம்பரில் கீழ் நீதிமன்றம் சொல்ல, அடுத்த மாதமே தனக்கு எதிரான 5 லட்சம் டாலர் தீர்ப்புக்கு ஹைக்யூ ஒத்துக்கொள்ள, சமரசமானார்கள். என்னைக் கேட்டால், நீங்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். அந்தத் தளத்தில் எப்போதாவது கணக்குத் தொடங்கி ‘ஒப்புக்கொள்கிறேன்’ பட்டனை அழுத்தினீர்களா? பழைய மெயிலில் தேடிப் பாருங்கள். லாகின் செய்யாமல் எடுப்பதை மெட்டாவின் (ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம்) விதிமுறைகள் தடுக்கவில்லை என்று 2024 ஜனவரியில், பிரைட் டேட்டா என்ற தரவு திரட்டும் நிறுவனத்தின் மீது மெட்டா போட்ட வழக்கில் ஒரு கலிஃபோர்னியா நீதிபதி தீர்ப்பளித்தார். அது மெட்டாவின் வாசகத்தை வைத்துச் சொன்னது. உங்கள் தளத்தின் வாசகம் எப்படியோ!

விளம்பரத்தில் உள்ள படங்களை எடுத்துப் போட வேண்டாம், அது பதிப்புரிமை (காப்பிரைட்) சிக்கல். சர்வர் திணறும் வேகத்தில் ஸ்கிரிப்டை ஓட்டினால் அதற்கும் தனியாக வழக்கு வரலாம். இப்போதைக்கு ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, நோட்டீஸோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். பதற்றத்தில் லாக் ஃபைல்களை (ஸ்கிரிப்ட் எப்போது என்ன செய்தது என்ற பதிவுகளை) மட்டும் அழித்துவிடாதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு அழித்தால், சாட்சியத்தை மறைத்ததாகக் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.